நாய்க்கும் சேர்த்து ஒரு வாடகை வீடு

ஜொகூர் பாருவில் தரை வீட்டில் வாழும் ஒரு குடும்பத்தை எண்ணிப் பாருங்கள். குடும்பத் தலைவருக்குச் சிங்கப்பூரில் நல்ல சம்பளத்தில் வேலை கிடைக்கிறது. பிள்ளைகளின் பள்ளி, மனைவியின் வேலை, வீட்டுச் சாமான்களைக் கொண்டுபோகும் லோரிச் செலவு என்று எல்லாவற்றையும் உட்கார்ந்து பேசி முடிக்கிறார்கள். கடைசியில் பாட்டி மெதுவாகக் கேட்கிறார்: "எல்லாம் சரிய்யா, டோமியை என்ன செய்யப் போறீங்க?"

அதுவரை யாரும் அதைப் பற்றி நினைக்கவே இல்லை. பத்து ஆண்டுகளாக வாசலில் படுத்துக் காவல் காத்த நாய், அந்த ஒரு கேள்விக்குப் பிறகுதான் ஒரு பிரச்சினையாகிறது. தோட்டத்திலிருக்கும் சித்தப்பா வீட்டில் விடலாம் என்கிறார் ஒருவர். காப்பகத்தில் சேர்க்கலாம் என்கிறார் இன்னொருவர். "நாயோடு போனால் அங்கே யாரும் வீடு தரமாட்டார்கள்" என்று கேள்விப்பட்ட செய்தியே முடிவாகிவிடுகிறது.

அந்தச் செய்தி பாதிதான் உண்மை. நாயை ஏற்றுக்கொள்ளும் வாடகை வீடுகள் சிங்கப்பூரில் குறைவு, ஆனால் இல்லாமல் இல்லை. பயண நாளுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது தேடத் தொடங்குவதால்தான் பலருக்கு அவை கண்ணில் படுவதில்லை. வேலைக் கடிதம் கையில் கிடைத்த அன்றே நாயின் கணக்கையும் சேர்த்துப் போட்டால் நிலைமை வேறாக இருக்கும்.

எந்த நாய், எந்த வீடு?

சிங்கப்பூரில் வீடு தேடுமுன் தெரிந்துகொள்ள வேண்டியது வாடகை நிலவரம் அல்ல, நாயின் இனம். அங்கு வாழும் மக்களில் முக்கால் பங்குக்கும் மேற்பட்டோர் வீவக எனப்படும் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் அடுக்குமாடி வீடுகளில் இருக்கிறார்கள். வாடகையும் அங்கேதான் ஓரளவு கட்டுப்படியாகும். ஆனால் வீவக வீட்டில் ஒரே ஒரு நாய்தான் வளர்க்கலாம். அதுவும் கழகம் அங்கீகரித்த 62 சிறிய இனங்களில் ஒன்றாக இருக்க வேண்டும். ஷிட்ஸு, மால்டீஸ், பொமரேனியன், சிவாவா, பக், மினியேச்சர் ஷ்னாவ்சர் போன்றவை அந்தப் பட்டியலில் உள்ளன. லாப்ரடோர், கோல்டன் ரெட்ரீவர் போன்ற பெரிய நாய்களுக்கு இடமில்லை என்பது ஊகிக்கக்கூடியதே. ஆனால் உருவத்தில் சிறியதாகத் தெரியும் பீகிள், கோர்கி ஆகியவற்றுக்கும் இடமில்லை என்பது பலரைத் திகைக்க வைக்கும். விதியை மீறினால் 4,000 வெள்ளி வரை அபராதம் விதிக்கப்படலாம்.

அப்படியானால் நம் வீட்டு வாசலில் வளரும் கலப்பின நாயின் நிலை என்ன? மலேசியத் தமிழர் வீடுகளில் பெரும்பாலும் இருப்பது அதுதானே. சிங்கப்பூரில் அடோர் என்ற திட்டம் 2012இல் தொடங்கியது. அதன்படி, மீட்கப்பட்ட உள்ளூர்க் கலப்பின நாய்களை வீவக வீடுகளில் தத்தெடுத்து வளர்க்கலாம். இதைக் கேள்விப்பட்டு, "அங்கேயும் நாட்டு நாய்க்கு அனுமதி உண்டாமே" என்று நம்பிப் போகிறவர்கள் உண்டு. ஆனால் அந்தத் திட்டம், அதில் பங்கேற்கும் விலங்குநல அமைப்புகள் மூலம் அங்கேயே தத்துக் கொடுக்கப்படும் நாய்களுக்கானது. ஜொகூரிலிருந்து நீங்கள் கொண்டுபோகும் டோமிக்கு அது பொருந்தாது.

ஆகவே கலப்பின நாயோ பெரிய நாயோ வைத்திருப்பவர் தனியார் வீடுகளைத்தான் நாட வேண்டும். கொண்டோமினியம், பழைய தனியார் அடுக்குமாடி, கடைவீட்டின் மேல்தளம், தரை வீடு ஆகியவை இதில் அடங்கும். தனியார் வீடுகளில் நாய், பூனை இரண்டும் சேர்த்து மூன்று வரை வைத்துக்கொள்ளலாம். இனக் கட்டுப்பாடும் வீவக அளவுக்கு இல்லை. என்றாலும், பிட் புல், அகித்தா, தோசா போன்ற சில இனங்களைச் சிங்கப்பூருக்குள் கொண்டுவரவே முடியாது. ரோட்வைலர், டோபர்மன், ஜெர்மன் ஷெப்பர்ட் போன்றவற்றுக்குக் காப்புறுதி, பயிற்சி என்று கூடுதல் நிபந்தனைகள் உண்டு. காவலுக்காக இவ்வகை நாய்களை வளர்ப்பவர்கள், வீட்டு முகவரை அழைக்குமுன் இதைச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.

சிறிய நாய் வைத்திருக்கும் மலேசியர்களுக்கு வீவக வாடகைச் சந்தையில் ஒரு வசதி உண்டு. முழு வீட்டையும் வெளிநாட்டவருக்கு வாடகைக்கு விடுவதில் ஒவ்வொரு கட்டடத்துக்கும் வட்டாரத்துக்கும் உச்சவரம்பு இருக்கிறது. 2014இல் வந்த அந்த வரம்பு மலேசியர்களுக்குப் பொருந்தாது. வேறு நாட்டுக்காரருக்கு "இந்தக் கட்டடத்தில் இடம் நிரம்பிவிட்டது" என்று கதவடைக்கும் வீடுகூட மலேசியக் குடும்பத்துக்குத் திறந்திருக்கலாம். தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு கூடும்போது, நாயை ஏற்கும் உரிமையாளர் அகப்படும் வாய்ப்பும் கூடுகிறது.

வீடு முதலிலா, நாய் முதலிலா?

பலரும் தடுமாறுவது இந்த வரிசையில்தான். சிங்கப்பூர் 1953 முதல் ரேபிஸ் எனும் வெறிநாய்க்கடி நோய் இல்லாத நாடு. மலேசியாவின் நிலை அப்படியல்ல. 2015இல் தீபகற்பத்தின் வட மாநிலங்களிலும், 2017 முதல் சரவாக்கிலும் அந்நோய் தலைகாட்டியது. எனவே பாலத்துக்கு அந்தப் பக்கம் போகும் நாய்க்குக் கெடுபிடி அதிகம். தடுப்பூசி, மைக்ரோசிப், ரேபிஸுக்கு எதிரான சக்தி உடலில் உருவாகியிருப்பதைக் காட்டும் இரத்தப் பரிசோதனை, சுகாதாரச் சான்றிதழ், இறக்குமதி அனுமதி, அதன்பின் தனிமைப்படுத்தல் நிலையம் என்று ஒன்றன்பின் ஒன்றாகக் கடக்க வேண்டும். இரத்தப் பரிசோதனையில் ஒரு மில்லிலிட்டருக்குக் குறைந்தது 0.5 அனைத்துலக அலகு காட்ட வேண்டும். மலேசியா இருக்கும் பிரிவிலிருந்து வரும் நாய்களுக்குத் தனிமைப்படுத்தல் குறைந்தது 30 நாள். அதற்கான இடத்தையும் முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும்.

ஊசி போட்டு, உடலில் சக்தி உருவாகக் காத்திருந்து, இரத்தம் எடுத்து அனுப்பி, முடிவு வரும்வரை பொறுத்திருப்பதற்கு மாதக்கணக்கில் ஆகும். நான்கைந்து மாதங்களுக்கு முன்பே கால்நடை மருத்துவரைப் பார்த்துவிடுவது நல்லது. விதிகள் அவ்வப்போது திருத்தப்படுவதால், தேசியப் பூங்காக் கழகத்தின் கீழ் இயங்கும் விலங்கு, கால்நடை மருத்துவச் சேவையின் அப்போதைய அறிவிப்பைப் படித்துக்கொள்ள வேண்டும். பக்கத்து வீட்டுக்காரர் மூன்று ஆண்டுக்கு முன் எப்படிக் கொண்டுபோனார் என்ற கதை இங்கே உதவாது.

இதில் ஒரு முடிச்சு இருக்கிறது. நாயைச் சிங்கப்பூருக்குள் கொண்டுவர அங்கே நாய் உரிமம் எடுக்க வேண்டும். உரிமத்துக்கு நாய் வாழப் போகும் முகவரி வேண்டும். முகவரி வேண்டுமானால் வீடு அமைந்திருக்க வேண்டும். ஆக, "முதலில் நாயைக் கொண்டுபோய் நண்பர் வீட்டில் விட்டுவிட்டு, பிறகு மெதுவாக வீடு பார்க்கலாம்" என்ற திட்டம் கைகொடுக்காது. குடும்பத் தலைவர் முதலில் தனியாகப் போய் ஓர் அறையில் தங்கி வேலையில் சேர்வது, நாய் ஜொகூரில் பாட்டியிடம் இருக்கும்போதே ஊசியும் பரிசோதனையும் நடப்பது, அந்த இரண்டு மூன்று மாதங்களில் வார இறுதிகளில் வீடு பார்ப்பது, ஒப்பந்தம் கையெழுத்தானதும் உரிமத்துக்கும் அனுமதிக்கும் விண்ணப்பிப்பது என்று போனால் நெருக்கடி குறையும். எல்லைக்கு இவ்வளவு அருகில் இருப்பதால் கிடைக்கும் இந்த வசதி, மெல்பர்னுக்கோ லண்டனுக்கோ போகிறவர்களுக்கு இல்லை.

தனிமைப்படுத்தலின் 30 நாளைத் தண்டனையாகப் பார்க்கிறவர்கள் பலர். பிரிவு வலிக்கத்தான் செய்யும். ஆனால் அந்த ஒரு மாதத்தில் புது வீட்டில் சாமான்களை அடுக்கி, பால்கனிக் கம்பிகளுக்கு வலை கட்டி, அண்டை வீட்டாரிடம் இரண்டு வார்த்தை பேசி அறிமுகமாகிவிடலாம்.

உரிமையாளரின் அச்சம்

வீட்டு உரிமையாளர் "நாய் வேண்டாம்" என்று சொல்லும்போது உண்மையில் என்ன சொல்கிறார்? பலகைத் தரையில் நகக்கீறல், சோபாவில் முடி, மெத்தையில் வாடை, பக்கத்து வீட்டாரின் புகார், அடுத்த வாடகைக்காரர் மூக்கைப் பிடிப்பார் என்ற கவலை. ஒவ்வொன்றும் நியாயமானதே. நாய்மீது வெறுப்பு என்று எடுத்துக்கொண்டால் பேச்சு அங்கேயே முறிந்துவிடும். பைரவர் படத்துக்குத் தினமும் விளக்கேற்றும் தமிழ் உரிமையாளர்கூட நாய் என்றதும் கையை விரிப்பார். அவருடைய பக்தியில் குறையில்லை, புதிதாகப் போட்ட தரையைப் பற்றிய கவலைதான். முஸ்லிம் உரிமையாளர் மறுத்தால் அதற்குச் சமயத் தூய்மை சார்ந்த காரணம் உண்டு. அங்கே வாதாடாமல் நன்றி சொல்லி அடுத்த வீட்டுக்குப் போவதே மரியாதை.

இந்த அச்சங்களுக்குத் தொலைபேசியில் பதில் சொல்ல முடியாது. தாளில் சொல்லலாம். நாயின் படம், வயது, எடை, கருத்தடை செய்யப்பட்ட விவரம், தடுப்பூசி அட்டையின் நகல், பழைய வீட்டு உரிமையாளரோ அண்டை வீட்டாரோ எழுதித் தந்த இரண்டு வரிகள், பகலில் நாயை யார் பார்த்துக்கொள்வார் என்ற தகவல் ஆகியவற்றை ஒரே பக்கத்தில் எழுதி முகவரிடம் கொடுக்கலாம். நாய்க்குச் சுயவிவரமா என்று சிரிப்பு வரலாம். ஆனால் ஒரே வீட்டுக்கு ஐந்து பேர் போட்டியிடும்போது, "நாய் உண்டு, ஆனால் சின்னது" என்று இழுத்துப் பேசியவரைவிட அந்தத் தாளைக் கொடுத்தவரைத்தான் உரிமையாளர் நினைவில் வைத்திருப்பார்.

முகவரிடம் முதல் அழைப்பிலேயே நாயைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். பேச்சு இப்படித்தான் போகும்:

"எத்தனை பேர் சார்?"

"நாங்கள் நாலு பேர், ஒரு நாய்."

"நாயா? எத்தனை கிலோ சார்?"

"18 கிலோ, கலப்பினம். வயசு 9."

"அப்படின்னா வீவக வேண்டாம் சார், தனியாராப் பார்ப்போம். எம்ஆர்டி கொஞ்சம் தூரமா இருந்தாப் பரவாயில்லையா?"

அந்தக் கடைசிக் கேள்வி முக்கியமானது. ரயில் நிலையத்தை ஒட்டிய புத்தம்புதுக் கொண்டோமினியத்துக்கு ஆட்கள் வரிசையில் நிற்கிறார்கள். அங்கே உரிமையாளர் நாயை ஏற்க வேண்டிய அவசியமில்லை. சற்றுப் பழைய கட்டடம், மின்தூக்கி இல்லாத அடுக்குமாடி, பேருந்தில் பத்து நிமிடம் போக வேண்டிய தரை வீடு, தளவாடம் இல்லாமல் காலியாக விடப்படும் வீடு ஆகியவற்றில்தான் பேச்சுக்கு இடமிருக்கிறது. கெடுவதற்குச் சோபாவே இல்லாத வீட்டில் சோபாவைப் பற்றிய அச்சமும் இல்லை.

கொண்டோமினியத்தில் உரிமையாளர் சரி என்றால் மட்டும் போதாது. அங்கே நிர்வாகக் கழகமும் அதற்கென்று துணைவிதிகளும் உண்டு. மற்றவர்களுக்குத் தொல்லை தரும் பிராணியை வளர்க்கக் கூடாது என்பது சட்டத்திலேயே உள்ள துணைவிதி. அதற்குமேல் மின்தூக்கியில் எப்படிக் கொண்டுபோவது, நீச்சல்குளப் பக்கம் போகலாமா என்று ஒவ்வொரு கட்டடமும் தனி விதி வைத்திருக்கலாம். கையெழுத்திடுமுன் அவற்றைக் கேட்டு வாங்கிப் படிக்க வேண்டும்.

ஒப்பந்தத்தில் என்ன இருக்க வேண்டும்?

வாய்ச்சொல் எதற்கும் உதவாது. "பரவாயில்லை, வைத்துக்கொள்ளுங்கள்" என்று உரிமையாளர் சிரித்துக்கொண்டே சொன்னாலும், ஒப்பந்தத்தில் "செல்லப்பிராணிக்கு அனுமதியில்லை" என்ற வழக்கமான வரி அச்சிலேயே இருந்தால் பின்னர் அதுதான் எடுபடும். அந்த வரியை அடித்துவிட்டு, இந்த இனத்து நாய் ஒன்று இந்த வீட்டில் இருக்க உரிமையாளர் சம்மதிக்கிறார் என்று எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும்.

வைப்புத் தொகை இரண்டாண்டு ஒப்பந்தத்துக்கு இரண்டு மாத வாடகை, ஓராண்டுக்கு ஒரு மாத வாடகை என்பது வழக்கம். மாத வாடகை 3,000 வெள்ளி என்றால் இரண்டாண்டு ஒப்பந்தத்துக்கு வைப்புத் தொகை 6,000, முதல் மாத வாடகை 3,000. நான்காண்டுக்கு உட்பட்ட ஒப்பந்தத்துக்கு முத்திரைத் தீர்வை மொத்த வாடகையில் 0.4 விழுக்காடு. 72,000 வெள்ளிக்கு அது 288. இதோடு நாய்க்கென்று கூடுதல் வைப்புத் தொகை கேட்கும் உரிமையாளர்கள் உண்டு. கொடுப்பதில் தவறில்லை. ஆனால் அது திரும்பக் கிடைக்கும் வைப்பா, திரும்பாத கட்டணமா என்பது எழுத்தில் இருக்க வேண்டும். வீட்டைக் காலி செய்யும்போது திரைச்சீலைகளை வெளுப்பது, பூச்சிமருந்து அடிப்பது போன்றவற்றை வாடகைக்காரரே தம் செலவில் செய்து ரசீது காட்டுவதாக முன்வந்து எழுதிக் கொடுத்தால், கூடுதல் வைப்பைக் குறைக்கும்படி பேசவும் இடமுண்டு.

சாவி வாங்கும் அன்று ஒவ்வோர் அறையையும் தரை முதல் கதவின் அடிப்பாகம் வரை படம் பிடித்து, அன்றே முகவருக்கு அனுப்பிவிட வேண்டும். ஏற்கெனவே இருந்த கீறலும் பிற்பாடு நாயின் கணக்கில் எழுதப்படும். நாய் இருந்த வீட்டில் எந்தக் கீறலும் நாய் போட்டதாகவே தெரியும்! வைப்புத் தொகையைத் திருப்பித் தருவதில் தகராறு வந்தால், இரண்டாண்டுக்கு மேற்படாத குடியிருப்பு வாடகை ஒப்பந்தங்களைச் சிறு கோரிக்கை நடுவர் மன்றத்துக்குக் கொண்டுபோகலாம். அங்கே 20,000 வெள்ளி வரை கோரலாம், இரு தரப்பும் ஒப்பினால் 30,000 வரை. வழக்கறிஞர் தேவையில்லை. ஆனால் அந்தப் படங்கள் தேவை.

இன்னோர் ஆபத்தும் உண்டு. எங்கும் கதவடைக்கப்பட்டு மனம் தளர்ந்திருக்கும் குடும்பத்துக்கு, "செல்லப்பிராணிகள் வரவேற்கப்படுகின்றன, வாடகை குறைவு, இன்றே முன்பணம் அனுப்பினால் உங்களுக்கே" என்ற விளம்பரம் தேவவாக்குபோலத் தோன்றும். பார்க்காத வீட்டுக்குப் பணம் அனுப்பவே கூடாது. முகவரின் பதிவு எண்ணைச் சொத்து முகவர் மன்றத்தின் பதிவேட்டில் யாரும் இலவசமாகச் சரிபார்க்கலாம். வீவக வாடகையில் முகவர் வாடகைப் பணத்தையோ வைப்புத் தொகையையோ தம் கையில் வாங்குவதற்கே சட்டத்தில் இடமில்லை. "என் கணக்கில் போடுங்கள், நான் கொடுத்துவிடுகிறேன்" என்று ஒருவர் சொன்னால் அங்கேயே நிறுத்திக்கொள்ள வேண்டும்.

சொல்லாமல் கொண்டுபோய்விட்டால்?

இப்படியும் சிலர் செய்கிறார்கள். வீட்டுக்காரர் வரும் நாளில் நாயை நண்பர் வீட்டுக்கு அனுப்பிவிடலாம் என்று கணக்குப் போடுகிறார்கள். சுவருக்குச் சுவர் ஒட்டிய அடுக்குமாடியில் நாய் எத்தனை நாள் வாயைத் திறக்காமல் இருக்கும்? புது இடத்தில் தனியாக விடப்பட்ட நாய் முதல் வாரமே குரைக்கும். புகார் போகும், ஒப்பந்தத்தை மீறியதாகக் கடிதம் வரும், குறுகிய தவணையில் வீட்டையோ நாயையோ விட வேண்டிவரும். அப்போது நாய்க்கு ஜொகூர் வீடும் இருக்காது, சித்தப்பாவின் தோட்டமும் இருக்காது. உரிமம் இல்லாத நாய்க்கு 5,000 வெள்ளி வரை அபராதமும் உண்டு. தொடக்கத்தில் உண்மையைச் சொல்லிப் பத்து வீட்டை இழப்பது இதைவிட மேல்.

தூர தேசம் போகிறவர்கள் சட்டம் தங்கள் பக்கம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளலாம். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் 2020 மார்ச் முதல், வாடகைக்காரர் செல்லப்பிராணிக்கு அனுமதி கேட்டால் உரிமையாளர் காரணமின்றி மறுக்க முடியாது. மறுக்க விரும்பினால் 14 நாளுக்குள் நடுவர் மன்றத்தை நாட வேண்டும், இல்லாவிட்டால் சம்மதித்ததாகவே பொருள். நியூ சவுத் வேல்ஸில் 2025 மே மாதம் இதையொத்த விதி வந்தது. இங்கிலாந்தில் 2025இல் நிறைவேறிய வாடகைக்காரர் உரிமைச் சட்டமும் இதே வழியில் போகிறது. ஆனால் இவை பெரும்பாலும் வீட்டுக்குள் குடியேறிய பிறகு கைகொடுக்கும் சட்டங்கள். விண்ணப்பிக்கும் நிலையில் உரிமையாளர் வேறொருவரைத் தேர்ந்தெடுத்துவிட்டால் அதை நிரூபிப்பது கடினம். மேலும் ஆஸ்திரேலியாவில் நாய் எந்த மாநிலத்துக்குப் போனாலும் மெல்பர்ன் அருகே மிக்கல்ஹம் நிலையத்தில்தான் தனிமைப்படுத்தப்படும்.

எல்லா நாயையும் கொண்டுபோயே ஆக வேண்டுமா என்ற கேள்வியையும் ஒதுக்கிவிட முடியாது. 13 வயதான, கண் மங்கிய, பாட்டியின் காலடியை விட்டு நகராத நாயை ஒரு மாதம் கூண்டில் வைத்து, பிறகு பத்தாவது மாடியில் அடைப்பது அன்பா என்று யோசிக்க வேண்டும். பாட்டி ஜொகூரிலேயே இருக்கப் போகிறார் என்றால் நாயும் அங்கேயே இருக்கலாம். குடும்பத் தலைவர் தினமும் பாலத்தைக் கடந்து வேலைக்குப் போய்வரும் ஆயிரக்கணக்கானோரில் ஒருவராகலாம், அல்லது வாரம் ஒருமுறை வரலாம். அப்படி முடிவு செய்தால் தீவனம், மருந்து, மருத்துவர் செலவுக்கு மாதாமாதம் பணம் அனுப்பும் பொறுப்பும் சேர்ந்தே வருகிறது. பாட்டியின் ஓய்வுப் பணத்தில் அது ஓடக் கூடாது.

கொண்டுபோவதென்று முடிவாகி, நாய் தனிமைப்படுத்தலிலிருந்து வெளியே வந்ததும், முதல் சில நாளுக்கு யாராவது ஒருவர் வீட்டிலிருக்கும்படி விடுப்பு எடுத்துக்கொள்வது நல்லது. தரையில் பழைய பாய், ஜொகூர் வீட்டில் அது படுத்த அதே துணி, அதே தட்டு இருக்கட்டும். துணியைத் துவைக்காமல் கொண்டுவந்தால் இன்னும் நல்லது. பிறகு ஒரு நாள் மாலை, எல்லாரும் கதவைப் பூட்டிக்கொண்டு கீழே போகாமல் நடைபாதையிலேயே பத்து நிமிடம் சத்தமில்லாமல் நிற்க வேண்டும். உள்ளே குரைப்புக் கேட்கிறதா, எவ்வளவு நேரம் கேட்கிறது என்று பார்த்து, அடுத்த நாள் இருபது நிமிடம் நிற்கலாம். எதிர்வீட்டுக் கதவு திறந்தால் அதுதான் பேச நல்ல தருணம்: "புதுசா வந்திருக்கோம். எங்க நாய் பேரு டோமி. சத்தம் போட்டா எங்ககிட்டயே சொல்லுங்க" என்று கைத்தொலைபேசி எண்ணைக் கொடுத்துவிடலாம்.